கொல்லிமலைப் பாட்டியம்மா ஈவ்லின் பிராண்ட்

வீட்டுக்கு ஒரம்பரை வருது என்றால் நாம என்ன செய்வோம்? வாசலைக் கூட்டித் தெளிப்போம். பாயை உதறி விரிப்போம். சொம்பில் தண்ணி கொண்டாந்து கொடுப்போம். அவங்க உட்கார்ந்த பிறகுதான் நாம உட்காருவோம். நம்ம குழுக்களில் இருக்கும் கிறிஸ்தவ சகோதரிகள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும்போது பார்த்திருப்பீங்க. அதே மாதிரிதான். முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டு, பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்து, டிவியை நிறுத்தி, ஆண்டவர் இப்போ இங்கே வர்றார் என்கிற நினைப்போடு முழங்கால் போடுவாங்க. அவங்க அதைத் தேவ பிரசன்னம் என்று சொல்வாங்க.

ஜெபம் முடிஞ்சு எழுந்த பிறகு அந்த நினைப்பு எங்கே போகுது என்பதுதான் கேள்வி. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நம்ம எல்லாருக்கும் இருக்கிற கேள்விதான் அது. எழுந்த பிறகும் அதை விடாமல் 95 வயது வரைக்கும் வைத்திருந்த ஒரு அம்மா நம்ம ஊர்ப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்காங்க. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் இருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில்தான் அவங்க வாழ்ந்ததும், இப்போது மண்ணுக்குள் இருப்பதும். வெளிநாட்டில் அவரைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்காங்க. நம்ம பெண்களில் நிறைய பேருக்கு அந்தப் பேர் தெரியாது. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

ஈவ்லின் 1879-இல் லண்டனில் பிறந்தவர். பணக்கார வியாபாரி வீட்டுப் பெண். பெரிய குடும்பம், கூடப் பிறந்தவர்கள் நிறைய. நல்ல துணிமணி, வேலைக்கு ஆள், விருந்து, நாடகம் என்று குறை இல்லாத வாழ்க்கை. படம் வரைவதில் அவருக்கு உயிர். அதற்கென்றே இருந்த பள்ளியில் சேர்ந்து முறையாகக் கற்றவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் கோவிலுக்குப் போவார்கள், ஏழைகளுக்கு உதவி செய்வார்கள், பிறகு நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்து விடுவார்கள். ஈவ்லின் முப்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன்னை ஆண்டவர் வேறு எதற்கோ வைத்திருக்கிறார் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

அப்போதுதான் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் அவர்கள் சபைக்கு வந்து பேசினார். 1907-இல் இந்தியா வந்து, சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு கொல்லிமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் அவர். கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கு மருத்துவம் செய்யவும் ஒரு வருஷம் பயிற்சி பெற்றிருந்தார். மலையில் இருக்கும் ஜனங்களைப் பற்றி, அவங்களை வாட்டுகிற காய்ச்சலைப் பற்றி, வைத்தியம் பார்க்க ஒரு ஆள் கூட இல்லாததைப் பற்றி அவர் பேசினார். ஈவ்லின் கேட்டார். மனசில் பதிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. ஆனாலும் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்து தமிழ் படித்தார். 1913-இல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸிக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை விடப் பொண்ணு வயதில் மூத்தவர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்யாணத்தன்றே மலை ஏறினார்கள். இன்றைக்கு நாம காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போதே தலை சுற்றுது, வாந்தி வருது. அப்போது ரோடே கிடையாது. ஒற்றையடிப் பாதை. நடை, இல்லை என்றால் ஆள் தூக்கும் டோலி. நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண உடுப்பெல்லாம் சேறாகி, நனைந்துபோய், அந்தக் கோலத்தோடு புதுப்பெண் மேலே போய்ச் சேர்ந்தார். ஜெஸ்ஸி கீழே இருந்து மரம் சுமந்து வந்து தன் கையாலேயே ஒரு மரவீடு கட்டி வைத்திருந்தார். கரையான் ஏறாமல் இருக்க, வீட்டைத் தாங்கும் தூண் ஒவ்வொன்றின் தலையிலும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வீட்டை நிறுத்தியிருந்தார். வாழவந்தி என்ற இடத்தில்தான் அந்தக் குடும்பம் நடந்தது.

மலைக்குப் போனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இவர்கள் சாமியை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீங்க. வைத்தியத்துக்கு வந்தாங்க. பல் பிடுங்க வந்தாங்க. கதை கேட்க வந்தாங்க. ஞானஸ்நானத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் இவர்களை எதிர்த்தே நின்றார். வருஷங்கள் இப்படியே போனது. ஈவ்லின் காலையில் ஜெபம் பண்ணிவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். யார் வீட்டில் கூப்பிட்டாலும் போவார்.

அந்தக் காலத்தில் இவர்கள் பார்த்த நோய்களில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் வந்து உடையும். உள்ளே இருந்து நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். ஒரு முழத்துக்கு மேல் நீளம் இருக்கும். வேகமாக இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் கட்டி, கால் போய்விடும். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் பொறுமையாக எடுக்கணும். அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கித் தண்ணி மொண்டால் புழுவின் குஞ்சுகள் தண்ணியில் கலந்துவிடும். அதைக் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தின்னும். அந்தத் தண்ணியை அடுத்தவர் குடித்தால் அவர் உடம்பிலும் புழு வளரும். ஆக, வைத்தியம் மட்டும் பார்த்தால் பத்தாது. கிணற்றுக்குள் யாரும் கால் வைக்காதபடி சுற்றுச்சுவர் கட்டணும், குடிக்கும் தண்ணியைத் துணியில் வடிகட்டணும். இதை ஜனங்களுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டம். பரம்பரையாக இறங்கின கிணற்றில் இறங்காதே என்றால் யார் கேட்பாங்க? பிராண்ட் தம்பதி அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லி, சுவர் கட்ட வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நம்ம மலையில் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே அது ஒழிந்துபோனதில் இவர்கள் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

புழுவைக் குச்சியில் சுற்றும்போது வைத்தியம் பார்ப்பவர் நோயாளியின் காலடியில்தான் உட்கார முடியும். ஜெபத்துக்குப் போட்ட அதே முழங்காலை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொருத்தர் புண்ணுக்கு முன்னால் போட்டார் ஈவ்லின். அவரது பக்தியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். காலையில் வீட்டுக்கு அழைத்த விருந்தாளியை வாசலோடு அனுப்பி வைக்காமல், கூடவே கூட்டிக்கொண்டு போன மாதிரி.

1918, 1919-இல் உலகம் பூரா ஒரு விஷக் காய்ச்சல் பரவியது. கொரோனாவை நாம பார்த்தாச்சு, அதனால் புரியும். கொல்லிமலையிலும் பரவியது. பயந்த ஜனங்கள் காய்ச்சல் கண்ட வீட்டைப் பார்க்காமலே ஒதுங்கிப் போனாங்க. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய அண்டாவில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகக் கொண்டுபோய், படுத்துக் கிடந்தவர்கள் வாயில் ஊற்றினார்கள். மருந்து என்று அப்போது ஒன்றும் கிடையாது. கஞ்சிதான், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதுதான்.

எதிர்த்து நின்ற அந்தப் பூசாரியும், அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்தாங்க. சொந்தக்காரங்க கிட்டே வரவில்லை. பிராண்ட் தம்பதிதான் போனார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் பிள்ளைகளை இவர்களிடமே ஒப்படைத்தார். அதில் ஒன்று ஒரு வயது கூட ஆகாத பெண் குழந்தை. வேறு யாரையும் விட இவர்கள் தன் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். ஈவ்லின் அந்தக் குழந்தையை எடுத்துத் தன் பிள்ளையாக வளர்த்தார். அதற்குப் பிறகுதான் ஒருவர் இருவராகச் சபைக்கு வர ஆரம்பித்தார்கள். இன்னும் பல அநாதைக் குழந்தைகள், அதிலும் வேண்டாம் என்று விடப்பட்ட பெண் குழந்தைகள், அவர் மடிக்கு வந்து சேர்ந்தன.

கொல்லிமலை முழுக்க மாறிவிட்டது என்று இல்லை. இன்றைக்கும் அங்கே பெரும்பாலோர் அரப்பளீஸ்வரரையும் எட்டுக்கை அம்மனையும் கும்பிடுகிறவர்கள்தான். மதம் மாற்றத்தானே வந்தாங்க என்று கேட்பவர்கள் நம்ம குழுவிலும் உண்டு. ஊழியத்துக்கு வந்தவர், தன் ஆண்டவரைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஞானஸ்நானம் வாங்காதவர் காலிலும் அதே பொறுமையோடுதான் குச்சியைச் சுற்றினார். முதல் ஐந்தாறு வருஷம் அவர் கால் பிடித்தவர்கள் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள்தானே.

இனி சொல்லப்போவது எனக்கே ஒப்புக்கொள்ளக் கஷ்டமான பகுதி.

ஈவ்லினுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பால், இளையவள் கோனி. மலையில் மரம் ஏறி, ஓடையில் குதித்து வளர்ந்த பிள்ளைகள். பாலுக்கு ஒன்பது வயதாகும்போது, 1923-இல், இரண்டு பேரையும் படிப்புக்காக இங்கிலாந்து கூட்டிப்போய், ஈவ்லினின் அக்கா தங்கைகள் வீட்டில் விட்டார்கள். பிறகு தாயும் தகப்பனும் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். கப்பலில் வாரக்கணக்கில் ஆகும் தூரம். நினைத்தால் போய்ப் பார்க்க முடியாது. என் பையனை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எங்க வீட்டில் இருந்து ஒரு மணி நேரப் பஸ். ஈவ்லின் எப்படித் தாங்கினார் என்று எனக்குப் புரியவே இல்லை. அது சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கடவுளுக்காக என்று சொல்லிப் பிள்ளையை விடலாமா என்று என்னைக் கேட்டால், நான் விட மாட்டேன். அவர் விட்டார். அந்தப் பிரிவு தன்னை எவ்வளவு உலுக்கியது என்பதை அவரும் மறைத்ததில்லை.

அப்பா வாரம் தவறாமல் கடிதம் எழுதினார். மலையில் பார்த்த பூச்சி, பறவை, மரம், மேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். இவை எல்லாவற்றிலும் ஆண்டவர் இருக்கிறார், கண்ணைத் திறந்து பாருங்கள் என்பது மாதிரி எழுதுவார். 1929 ஜூனில் ஜெஸ்ஸிக்கு மலேரியா முற்றி, கறுப்பாகச் சிறுநீர் போகும் கடுமையான காய்ச்சல் வந்தது. மலையிலேயே இறந்துபோனார். சாகிற வயதும் இல்லை. அடுத்த வருஷம் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதாக இருந்தது. தந்தி முதலில் போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தன. செத்துப்போன அப்பா எழுதின கடிதம் அதற்குப் பிறகும் வாராவாரம் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பையன் அதைப் பிரித்துப் படித்தான்.

ஈவ்லினுக்கு அப்போது வயது 50. ஊருக்குத் திரும்பிப்போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. ஓய்வுக்காகப் போனார், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார், மறுபடி கிளம்பி வந்துவிட்டார். ஆனால் மிஷன் அவரைக் கொல்லிமலையில் இருக்க விடவில்லை. தனியாக ஒரு விதவைப் பெண் மலையில் எப்படி என்று சமவெளியில் வேலை கொடுத்தார்கள். செய்தார். மனசு பூரா மலையில்தான் இருந்தது. கொல்லிமலையோடு நின்றுவிடாமல் பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரி மலை என்று சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் போக வேண்டும் என்று அவரும் ஜெஸ்ஸியும் ஆசைப்பட்டிருந்தார்கள்.

எழுபது வயதை நெருங்கும்போது, இனி உங்களை அனுப்ப முடியாது, வயதாகிவிட்டது என்று மிஷன் சொல்லிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு தவணை கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினார். அந்தத் தவணை முடிந்ததும் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். எல்லாரும் நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பினார்கள். அப்போதுதான் பாட்டியம்மா சங்கதியை வெளியே விட்டார். ஓய்வு பெற்றுக்கொள்கிறேன், சரி, ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குத்தான் போகிறேன் என்றார். சம்பளம் கொடுத்தவர்கள் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். நம்ம வீடுகளிலும் இப்படி ஒரு அத்தையோ ஆத்தாவோ இருப்பாங்க. சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படியே செய்வாங்க.

அவரது உண்மையான ஊழியமே அதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம். இருபது வருஷத்துக்கு மேல் மலை மலையாகப் போனார். மண்சுவர்க் குடிசையில் இருப்பார். மட்டக்குதிரையில் ஏறி அடுத்த ஊருக்குப் போவார். குதிரையில் இருந்து பல தடவை விழுந்திருக்கிறார், தலையில் அடிபட்டிருக்கிறது. 75 வயதில் ஒரு நாள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கூப்பிட ஆள் இல்லாமல் ராத்திரி பூராத் தரையில் வலியோடு கிடந்தார். காலையில் வேலைக்கு வந்தவர் பார்த்து, நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் தூக்கி மலையை விட்டு இறக்கி, ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

வேலூரில் யார் இருந்தார்கள் தெரியுமா? மகன் பால்தான். மலையில் விளையாடின அந்தப் பையன் டாக்டருக்குப் படித்து, 1946-இல் இந்தியா திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். தொழுநோயால் மடங்கிப்போன கை விரல்களை ஆபரேஷன் செய்து மறுபடி இயங்க வைத்த பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்தான். உலகம் முழுக்க அவர் பேர் தெரியும். அப்படிப்பட்ட மகன் வந்து, அம்மா போதும், ஃபோன் இல்லை, ரோடு இல்லை, மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்று மன்றாடினார். மலையில் இருக்கும் ஜனங்களுக்கு வேறு யார் மருந்து கொடுப்பார்கள், யார் பல் பிடுங்குவார்கள் என்று அம்மா திருப்பிக் கேட்டார். மகனிடம் பதில் இல்லை. இடுப்பு கூடியதும் இரண்டு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு மலைக்கே போய்விட்டார்.

பக்தி என்றாலே வயசான காலத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேதம் வாசிப்பது என்று நாம நினைக்கிறோம். அவரும் வாசித்தார், ஜெபித்தார், அதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. ஆனால் ஆண்டவரை எங்கே எதிர்பார்த்தார் என்பதில்தான் வித்தியாசம். அடுத்த குடிசையில் படுத்திருப்பவரிடம் போனால் அங்கே அவர் இருப்பார் என்று நிச்சயமாக நம்பினார். அதனால்தான் அவரை உட்கார வைக்க ஒருத்தராலும் முடியவில்லை. பிடிவாதம் என்றும் சொல்லலாம். கூட வேலை செய்தவர்களுக்கு அவரால் தலைவலியும் இருந்திருக்கும், சந்தேகமே இல்லை.

இன்னொரு சங்கதி. கடைசி இருபது வருஷம் அவர் வீட்டில் கண்ணாடியே கிடையாது. வேண்டாம் என்று விட்டுவிட்டார். லண்டனில் பட்டுடுத்தி வளர்ந்தவர், அழகை வரையக் கற்றவர். வெயிலிலும் காய்ச்சலிலும் முகம் சுருங்கி, தோல் வறண்டு போயிருந்தது. ஒரு தடவை பால் மலைக்குப் போனபோது, ஊர் நடுவே சின்னக் கல்சுவரில் அம்மா உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி கதை கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைவிட அழகான முகத்தைத் தான் பார்த்ததில்லை என்ற பொருளில் அந்த மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்த அந்த ஜனங்களின் கண்தான் அம்மாவுக்குக் கண்ணாடி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

1974 டிசம்பரில் ஈவ்லின் அம்மா காலமானார். வயது 95. உடலைக் கொல்லிமலைக்கே கொண்டுவந்தார்கள். வாழவந்தியில், 45 வருஷத்துக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அவர் விருப்பப்படியே பெட்டி வைக்கவில்லை. ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் இறக்கினார்கள், மலை மண்ணோடு மண்ணாகிப் புதுசாக ஏதாவது முளைக்கட்டும் என்று. தூக்கிச் சுமந்து வந்தவர்களும், சுற்றி நின்று அழுதவர்களும் மலைக்காரங்கதான்.